பதினொன்றாம் வகுப்பு அமெரிக்க வரலாறு: வகுப்பறை எதிர்பார்ப்பது என்ன?

தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு வரையோ பத்தாம் வகுப்பு வரையோ படித்துவிட்டு, பெற்றோரின் வேலை காரணமாக அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் வந்து சேரும் மாணவர்களுக்குக் கணக்கும் இயற்பியலும் அவ்வளவாகச் சிரமம் தருவதில்லை. மதிப்பெண்ணைக் கீழே இழுப்பது பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பில் வரும் அமெரிக்க வரலாறுதான். டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டிய அரசுப் பள்ளி ஒன்றில் இந்தப் பாடத்தை ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்னும் கல்லூரித் தர நிலையில் படித்துத் தேர்வும் எழுதியவள் என்ற முறையில், அந்த வகுப்பு மாணவரிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதைப் பின்னால் வருகிறவர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் எழுதுகிறேன். பாடத்தின் அளவைக் கண்டு மிரளுகிறவர்கள் பலர். எனக்குத் தெரிந்தவரை, தடுமாற வைப்பது அங்கே கேள்வி கேட்கப்படும் விதம்.

முதலில் அடிப்படையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில் 1877 வரையிலான அமெரிக்க வரலாற்றை எட்டாம் வகுப்பிலேயே நடத்தி முடித்துவிடுகிறார்கள். உயர்நிலைப் பள்ளியின் சாதாரண வரலாற்றுப் பாடம் 1877-இல்தான் தொடங்குகிறது. ஏபி பாடமோ 1491 முதல் இன்றுவரை ஒன்பது காலகட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஓடுகிறது. இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், பக்கத்து இருக்கையில் இருப்பவர் பிரிட்டிஷ் குடியேற்றங்கள், அரசியலமைப்பு, உள்நாட்டுப் போர் ஆகியவற்றை ஒருமுறை படித்துவிட்டு வந்திருப்பார். ஆசிரியரும் அதை நம்பியே பாடத்தை வேகமாக நகர்த்துவார். நமக்கோ ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் பிரெஞ்சுப் புரட்சியோடு சேர்த்துப் படித்த அமெரிக்கப் புரட்சிதான் கையிருப்பு. ஆகவே கோடை விடுமுறையில் பள்ளி நூலகத்திலோ ஊர் நூலகத்திலோ எட்டாம் வகுப்புப் பாடநூலை வாங்கி, கதைப்புத்தகம் போல ஒருமுறை வாசித்துவிடுவது மிகுந்த பலன் தரும். கூடவே வரைபடத்தையும் பழக்கிக்கொள்ள வேண்டும். பதின்மூன்று குடியேற்றங்கள் எங்கே இருந்தன, 1803-இல் பிரான்சிடமிருந்து வாங்கிய லூயிசியானா நிலப்பரப்பு எவ்வளவு பெரியது, 1820-இன் மிசூரி உடன்பாடு எந்தக் கோட்டுக்கு வடக்கே அடிமை முறையைத் தடுத்தது, 1848-இல் மெக்சிகோவிடமிருந்து பெற்ற மேற்குப் பகுதி ஏன் புதுச் சண்டையைக் கிளப்பியது என்பவை வரைபடத்தில் விளங்கிவிட்டால், உள்நாட்டுப் போருக்கான காரணங்களில் பாதியை மனப்பாடம் செய்யாமலே எழுதிவிடலாம்.

மாநிலத்துக்கு மாநிலம் ஏற்பாடு மாறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் ரீஜென்ட்ஸ் என்னும் மாநிலத் தேர்வு உண்டு. கலிபோர்னியாவின் பதினொன்றாம் வகுப்புப் பாடம் இருபதாம் நூற்றாண்டில்தான் அதிகம் நிற்கிறது. டெக்சஸில் ஸ்டார் என்னும் மாநிலத் தேர்வு இருக்கிறது. உங்கள் பள்ளியின் நிலவரத்தை, மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்த் தேர்வில் 'காரணங்களை விளக்குக' என்று கேட்டால், உள்தலைப்புகளை அடிக்கோடிட்டு ஏழெட்டுக் குறிப்புகளை வரிசையாக எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அமெரிக்க வரலாற்று வகுப்பில் அதே விடைக்குப் பாதி மதிப்பெண்கூடத் தேறாது. அங்கே கேள்வியே வேறு மாதிரி வரும்: 'உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் காலம் தென்மாநிலக் கறுப்பின மக்களின் வாழ்க்கையை எந்த அளவுக்கு மாற்றியது?' (போரில் தோற்ற தென்மாநிலங்களை மறுபடி நாட்டோடு இணைத்துச் சீரமைத்த ஆண்டுகள்தான் அவை.) இதற்கு மாணவர் முதலில் ஒரு நிலைப்பாட்டை எடுக்க வேண்டும். அதைத்தான் தீசிஸ் என்கிறார்கள். 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் காலத்தில் பல மாற்றங்கள் ஏற்பட்டன' என்று எழுதினால் அது தீசிஸ் ஆகாது. அதை யாராலும் மறுக்க முடியாது என்பதே அதன் குறை. 'அரசியலமைப்பின் 13, 14, 15-ஆம் திருத்தங்கள் சட்டப்படி விடுதலையும் குடியுரிமையும் வாக்குரிமையும் தந்தன என்றாலும், நிலம் கைமாறாததாலும் 1877-இல் மத்தியப் படைகள் காவலைக் கைவிட்டதாலும் அந்த உரிமைகள் நடைமுறையில் நிலைக்கவில்லை' என்று எழுதினால், அதை எதிர்த்து வாதாடவும் முடியும், பின்வரும் பத்திகளில் எதை நிறுவப்போகிறோம் என்பதும் தெரிந்துவிடும். அதன்பிறகு விடுதலையான அடிமைகளுக்கு உதவ 1865-இல் அமைந்த ஃபிரீட்மென்ஸ் பியூரோ, கறுப்பினத்தவரின் உரிமைகளைக் கட்டுப்படுத்திய தென்மாநிலங்களின் பிளாக் கோட்ஸ் சட்டங்கள், விளைச்சலில் பங்கு கொடுத்து நிலத்தை உழுத குத்தகை முறை, கறுப்பினத்தவர் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் காங்கிரசுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டது ஆகியவை அந்த வாதத்துக்குச் சான்றுகளாக வந்து உட்கார வேண்டும். தகவல் தெரிந்திருப்பது தேவைதான். அந்தத் தகவல் எந்த வாதத்துக்கு வேலை செய்கிறது என்று சொல்லாதவரை அதற்கு மதிப்பெண் இல்லை.

இரண்டாவது எதிர்பார்ப்பு, முதன்மைச் சான்றுகளை வாசிப்பது. ஒரு கடிதத்தையோ உரையையோ கேலிச்சித்திரத்தையோ கையில் கொடுத்து, அது என்ன சொல்கிறது என்பதோடு விடாமல், யார், யாருக்கு, எப்போது, எதற்காகச் சொன்னார் என்று கேட்பார்கள். வகுப்பில் எனக்கு இது விளங்கியது லிங்கனின் ஒரு கடிதத்தால்தான். 1862 ஆகஸ்ட் 22 அன்று, நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையின் ஆசிரியர் ஹொரஸ் கிரீலிக்கு அவர் எழுதியது அது. ஒன்றியத்தை, அதாவது பிரியாத ஒரே அமெரிக்காவைக் காப்பதே தம் நோக்கம் என்றும், ஓர் அடிமையையும் விடுவிக்காமல் அதைச் செய்ய முடிந்தால் அப்படியே செய்வேன் என்றும், எல்லோரையும் விடுவித்துத்தான் செய்ய முடியும் என்றால் அதையும் செய்வேன் என்றும் அதில் சொல்கிறார். இந்த வரிகளை மட்டும் படித்தால், லிங்கனுக்கு அடிமை ஒழிப்பில் அக்கறையே இல்லை என்று எழுதிவிடத் தோன்றும்.

ஆனால் தேதியைப் பாருங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, அடிமைகளின் விடுதலையை அறிவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அவர் தம் அமைச்சரவையில் வாசித்துவிட்டார். போர்க்களத்தில் ஒரு வெற்றி கிடைக்கும்வரை வெளியிட வேண்டாம் என்ற ஆலோசனையை ஏற்று அதை நிறுத்தி வைத்திருந்தார். செப்டம்பர் 17-இல் ஆன்டீட்டம் போர் வடக்குக்குச் சாதகமாக முடிந்ததும், 22-ஆம் தேதி முதற்கட்டப் பிரகடனம் வெளிவந்தது. 1863 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கடிதம் கிரீலியின் பெயருக்கு எழுதப்பட்டாலும் பத்திரிகையில் எல்லோரும் படிப்பதற்காக எழுதப்பட்டது. ஒன்றியத்தை விட்டு விலகாத கென்டக்கி, மிசூரி போன்ற அடிமை மாநிலங்களின் மக்களும் அதைப் படிப்பார்கள். கடிதத்தின் கடைசியிலோ, இது தம் பதவியின் கடமை குறித்த கருத்து என்றும், எங்கும் எல்லா மனிதரும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற தம் சொந்த விருப்பத்தில் மாற்றமில்லை என்றும் தனியாகச் சொல்லி முடிக்கிறார். ஆக, ஏற்கெனவே எடுத்துவிட்ட ஒரு முடிவுக்கு வடக்கின் பொதுமக்களைத் தயார் செய்யும் கடிதமாகவும் இதை வாசிக்க இடம் இருக்கிறது. இப்படி ஆவணத்தின் தேதி, வாசகர், நோக்கம் ஆகியவற்றைக் கொண்டு அதன் பொருளை விளக்குவதற்கு ஏபி தேர்வில் தனி மதிப்பெண் உண்டு. சாதாரண வகுப்பிலும் ஆசிரியர்கள் எதிர்பார்ப்பது இதைத்தான். எழுதியவர் பெயரையும் தேதியையும் வெறுமனே குறிப்பிடுவது போதாது, அது வாதத்தை எப்படி மாற்றுகிறது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும்.

வகுப்பு நடைமுறையில் நம் பிள்ளைகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பாடநூல் வாக்கியத்தை அப்படியே எழுதும் பழக்கம். நம்மிடம் அது நல்ல மாணவரின் அடையாளம். அமெரிக்கப் பள்ளியில் அது திருட்டு. பல பள்ளிகளில் கட்டுரைகள் டர்னிட்டின் போன்ற மென்பொருள் வழியாகச் செல்கின்றன. பிடிபட்டால் பூஜ்ஜியம் கிடைப்பதோடு, ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதை ஆசிரியர் பாடத்திட்டத் தாளில் எழுதியிருப்பார். அந்தத் தாளைப் பெற்றோர் கையெழுத்துக்காக மட்டும் எடுத்துவந்து மடித்து வைத்துவிடாமல் முழுமையாகப் படியுங்கள். தாமதமாகக் கொடுக்கும் வேலைக்கு எத்தனை சதவீதம் கழிப்பார்கள், தேர்வை மறுபடி எழுத வாய்ப்பு உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு. சாக்ரடிக் செமினார் என்ற பெயரில் வட்டமாக உட்கார்ந்து ஓர் ஆவணத்தைப் பற்றி விவாதிக்கச் சொல்வார்கள். அதில் வாயைத் திறக்காத மாணவரை ஆசிரியர் அடக்கமானவர் என்று எடுத்துக்கொள்ள மாட்டார், படிக்காமல் வந்தவர் என்றே எடுத்துக்கொள்வார். அதிகம் பேச வேண்டியதில்லை; முந்தைய இரவே ஆவணத்தில் இரண்டு இடங்களைக் குறித்துவைத்து, 'இந்த வரியை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொன்னதோடு எனக்கு உடன்பாடில்லை' என்று ஒருமுறை மரியாதையாகச் சொன்னாலே போதுமானது. ஆசிரியரின் கருத்தையும் சான்றோடு மறுக்கலாம். அது துடுக்குத்தனமாகக் கருதப்படுவதில்லை. பழைய ஆவணங்களில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொற்கள் வரும். அவற்றை வாய்விட்டுப் படிப்பதையும் சொந்த எழுத்தில் பயன்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். டியூட்டோரியல் என்ற பெயரில் ஆசிரியர்கள் பள்ளி நேரத்துக்கு முன்போ பின்போ கட்டணமின்றி உட்கார்ந்திருப்பார்கள். மதிப்பெண் கேட்டுப் போகாமல், திருத்திய கட்டுரையை எடுத்துக்கொண்டு போய், 'ரூப்ரிக்கில் (எதற்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் அட்டவணையில்) இந்த ஒரு புள்ளி ஏன் கிடைக்கவில்லை' என்று கேளுங்கள். வெளியே பணம் கட்டிச் சேரும் டியூஷனைவிட இதனால் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அதிகம் பயன் கிடைத்தது.

ஏபி தேர்வின் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் நடக்கும் தேர்வுக்கு 3 மணி 15 நிமிடம். 55 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள், அதற்கு 40 சதவீதம். 40 நிமிடத்தில் மூன்று குறுவிடைகள், 20 சதவீதம். ஏழு ஆவணங்களைக் கொண்டு எழுதும் டிபிக்யூ கட்டுரைக்கு வாசிப்பு நேரத்தோடு சேர்த்து ஒரு மணி நேரம், 25 சதவீதம். நெடுங்கட்டுரைக்கு 40 நிமிடம், 15 சதவீதம். இப்போது எல்லாவற்றையும் ப்ளூபுக் என்னும் தேர்வுச் செயலியில் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதால், விசைப்பலகையில் வேகம் இல்லாதவர்கள் முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும். ஒன்பது காலகட்டங்களில் முதலாவதுக்கும் கடைசிக்கும் தலா 4 முதல் 6 சதவீதம்தான். 1754 முதல் 1980 வரையிலான ஆறு காலகட்டங்களுக்கும் தலா 10 முதல் 17 சதவீதம். கொலம்பஸிலேயே செப்டம்பர் முழுவதையும் கழித்துவிட்டு, பனிப்போரை ஏப்ரல் கடைசியில் புரட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்கள்.

டிபிக்யூவில் கொடுக்கப்பட்ட ஆவணங்களுக்கு வெளியிலிருந்தும் ஒரு சான்றைக் கொண்டுவந்தால் அதற்கு ஒரு புள்ளி உண்டு. இங்கே நம் பிள்ளைகளுக்குச் சற்று வசதி இருக்கிறது. குடியேற்றம் பற்றிய கேள்வி வந்தால், இந்தியாவையும் உள்ளடக்கித் தடை வளையம் போட்ட 1917-இன் குடியேற்றச் சட்டம், இந்தியர் 'வெள்ளையர்' ஆக மாட்டார் என்று கூறி, அமெரிக்காவில் குடியேறிய பஞ்சாபியரான பகத் சிங் திந்துக்குக் குடியுரிமை இல்லை என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியர்கள் குடியுரிமை பெற வழிவிட்டு ஆண்டுக்கு நூறு பேரை அனுமதித்த 1946-இன் லூஸ்–செல்லர் சட்டம், நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965-இன் சட்டம் ஆகிய நான்கும் ஒரே இழையாக நினைவில் நிற்கும்; நம் குடும்பங்கள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த வழியே கடைசிச் சட்டத்தால் திறந்ததுதான். ஆனாலும், நமக்கு நெருக்கமானது என்பதற்காக எல்லாக் கட்டுரையிலும் திந்தைக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது. 1920-களின் அந்நியர் எதிர்ப்பு என்ற வாதத்துக்கு 1924-இன் ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு சேர்த்து எழுதினால் பொருந்தும். தொழிற்சங்கங்களைப் பற்றிய கேள்வியில் பொருந்தாது.

நெடுங்கட்டுரைக்கு மூன்று கேள்விகள் தந்து ஒன்றை எழுதச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலப் பகுதியைச் சேர்ந்தது. பிடித்த காலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; எதற்கு உடனே மூன்று நான்கு குறிப்பான சான்றுகளைத் தாளில் கிறுக்க முடிகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ரூப்ரிக்கின் புள்ளிகள் பெரும்பாலும் தனித்தனியாகவே வழங்கப்படுகின்றன. தீசிஸ் முன்னுரையிலும் இருக்கலாம், முடிவுரையிலும் இருக்கலாம். நேரம் நெருக்கும்போது தீசிஸை முன்னுரையிலேயே தெளிவாக எழுதிவிட்டால் அழகான முடிவுரைக்காக ஐந்து நிமிடம் செலவிடத் தேவையில்லை. அந்த ஐந்து நிமிடத்தில், கேள்வி குறிப்பிடும் காலத்துக்கு முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று மூன்று நான்கு வாக்கியங்களில் பின்னணி எழுதினால், அதற்கென்று ஒரு புள்ளி ரூப்ரிக்கில் இருக்கிறது.