பேய் என்றார்கள், பைத்தியம் என்றார்கள்: என் தங்கைக்கு வந்த மூளை அழற்சி

என் தங்கைக்கு 2018இல் வந்த நோயின் பெயர் ஆன்டி என்எம்டிஏ ரிசெப்டர் என்செஃபலைடிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூளையையே தாக்குவதால் வரும் ஒரு வகை மூளை அழற்சி அது. இந்தப் பெயர் எங்களுக்குத் தெரியவரும் முன்பே ஊரில் அவளுக்கு வேறு பெயர்கள் வைத்துவிட்டார்கள். அவளிடம் கேட்டுவிட்டு, அவள் வேண்டாம் என்றதை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்றைக்கும் ஏதோ ஒரு வீட்டில் இப்படி ஒரு பெண்ணை மந்திரிக்கக் கூட்டிப்போகக் கார் பேசிக்கொண்டிருக்கலாம். அந்த வீட்டில் ஒருவராவது இதைப் படித்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

திருச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவளுக்கு அப்போது 22 வயது. கணிதத்தில் பட்டம் முடித்து பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். முதலில் தலைவலி, லேசான காய்ச்சல். பாராசிட்டமால் போட்டோம், காய்ச்சல் விட்டது. அதோடு தூக்கமும் போய்விட்டது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து நோட்டில் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவாள். வகுப்பில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றாள். அப்புறம் டிவியில் செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்கிறார் என்றாள். அம்மா சோற்றில் எதையோ கலந்துவிட்டாள் என்று தட்டைத் தள்ளினாள். இத்தனைக்கும் அவள் அம்மாவின் செல்லம், அதிர்ந்து பேசாதவள். இரண்டு வாரத்துக்குள் வீட்டில் இருந்தது எங்களுக்குத் தெரியாத வேறு யாரோ.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை. பரீட்சை பயமா, காதல் ஏதாவது தோல்வியா என்று கேட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. "மூளை நல்லாயிருக்கு, பிரச்சினை மனசுலதான்" என்று சொல்லி ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இந்த நோய் வந்தவர்களில் பாதிப் பேருக்கும் மேல் முதல் எம்.ஆர்.ஐ. இயல்பாகவே இருக்கும் என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. படத்தில் தெரியவில்லை என்பதற்காக மூளையில் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

அந்த மருந்துக்குப் பிறகு அவள் உடம்பு கட்டைபோல் விறைத்துக்கொண்டது. மறுபடி காய்ச்சல் அடித்தது. கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே வைத்திருந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை. உதட்டைச் சப்புவதும் நாக்கைச் சுழற்றுவதும் மெல்லுவதுமாக, தூங்காத நேரமெல்லாம் அசைந்துகொண்டே இருந்தது.

இதைப் பார்த்த பிறகு சொந்தக்காரர்களுக்குச் சந்தேகமே இல்லை. அப்பா குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய்விடலாம் என்றார். ஒரு மண்டலம் அங்கே தங்கினால் சித்தம் தெளியும் என்பது எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற நம்பிக்கை. பெருமாள்மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. மாமாதான் ஏர்வாடி தர்கா என்றார். அந்தப் பெயரைக் கேட்டதுமே அம்மா எழுந்துவிட்டாள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து செத்தார்கள். அன்று பத்திரிகையில் வந்த படத்தை அம்மா மறக்கவே இல்லை. "எம்பொண்ணைக் கட்டிப்போடுற இடத்துக்கு விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். தர்காவிலேயே அப்படி நடந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது தனியார் நடத்திய காப்பகம். அதற்குப் பிறகு விதிகள் கடுமையாயின. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளி யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்றே சொல்கிறது.

அன்று இரவே அவளுக்கு வலிப்பு வந்தது. குணசீலத்துக்குப் பேசிவைத்திருந்த காரிலேயே அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே அவளை முதலில் பார்த்தவரும் ஒரு மனநல மருத்துவர்தான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பழைய சீட்டுகளைப் படித்தார். என் போனில் இருந்த வீடியோவைக் கேட்டு வாங்கி, வாய் அசைவதை மூன்று நான்கு முறை பார்த்தார். இதற்கு முன்பு மனநலப் பிரச்சினை எதுவும் இருந்ததா, காய்ச்சல் எப்போது வந்தது, மருந்துக்கு முன்பே வாய் இப்படி அசைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "இது என் வார்டுல இருக்க வேண்டிய கேஸ் இல்லம்மா" என்று சொல்லி, நரம்பியல் பிரிவுக்கு அவரே நடந்து வந்து ஒப்படைத்தார். என் தங்கை இன்று உயிரோடு இருப்பதற்கு யாருக்கு முதல் நன்றி என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். மனநல மருத்துவர்கள் இந்த நோயைத் தவறவிடுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வது உண்டு. எங்கள் விஷயத்தில் கண்டுபிடித்ததே அவர்தான்.

ஈஈஜியில் மூளையின் அலைகள் மெதுவாக ஓடுவது தெரிந்தது. அடுத்தது முதுகில் நீர் எடுக்கும் சோதனை. இதற்கு வீட்டில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே விழுந்துவிடும் என்று எல்லோரும் சேர்ந்து பயமுறுத்தினார்கள். ஒரு பயிற்சி மருத்துவர் காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் ஊசி போகிறது, அங்கே தண்டுவடமே கிடையாது. அப்பா கையெழுத்துப் போட்டார். இந்தச் சோதனைக்கு யார் வீட்டிலாவது தயங்கினால் இதைச் சொல்லுங்கள். இந்த நோயை உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தை (ஆன்டிபாடி) ரத்தத்திலும் தேடலாம், ஆனால் ரத்தத்தில் இல்லை என்று வந்தவர்களுக்கும் முதுகு நீரில் இருந்திருக்கிறது. ரத்தச் சோதனையோடு நின்றுவிட்டால் நோய் கைநழுவிப் போகும்.

முடிவு வர நாளாகும் என்றார்கள். அதற்காகக் காத்திருக்காமல், கிருமித் தொற்று இல்லை என்று தெரிந்ததுமே ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். மீதில்பிரட்னிசலோன், தினம் ஒரு கிராம், ஐந்து நாள். சீக்கிரம் ஆரம்பிக்க ஆரம்பிக்கப் பலன் அதிகம் என்பதால் இந்த அவசரம்.

நரம்பியல் மருத்துவர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். மூளைச் செல்களின் மேல், சேதியை வாங்கிக்கொள்ளும் என்எம்டிஏ ரிசெப்டர்கள் என்று உண்டு. ஞாபகம், சிந்தனை, அசைவு எல்லாவற்றுக்கும் அவை வேண்டும். உடம்பு தவறாக உருவாக்கிய எதிர்ப்புப் புரதம் அவற்றைப் பிடித்து செல்லுக்குள்ளே இழுத்துவிடுகிறது. "வீட்டுல வயரிங் அப்படியே இருக்கு, ஸ்விட்சை மட்டும் கழட்டிட்டாங்கன்னு வச்சுக்குங்க" என்றார். செல் சாவதில்லை, அதனால் திரும்பி வர வழி இருக்கிறது என்றார். எத்தனையோ ராத்திரி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவில் ஜோசப் டால்மாவ் என்ற மருத்துவரின் குழு 2007இல்தான் இந்த நோய் இன்னதென்று கண்டறிந்து எழுதியது. என் தங்கைக்கு வந்தபோது நோய்க்குப் பெயர் வைத்தே 11 வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் நம் ஊர்களில் இப்படிச் செத்தவர்களும், பேய் பிடித்தவள் என்று மூலையில் கிடந்தவர்களும் எத்தனை பேரோ.

ஸ்டீராய்டுக்கு அவள் அசையவில்லை. நாடித்துடிப்பு தாறுமாறாக ஏறி இறங்கியது, வியர்வை ஊற்றியது, மூச்சு தடுமாறியது. ஐ.சி.யூ., வென்டிலேட்டர், அப்புறம் தொண்டையில் துளை போட்டு டிராக்கியாஸ்டமி. மற்றவர்கள் கொடுத்த ரத்தத்தில் இருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து பாட்டில்களின் விலை எங்களுக்கு எட்டவில்லை, அதனால் ரத்தத்தில் இருந்து பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றும் சிகிச்சை செய்தார்கள். பிறகு ரிட்டுக்சிமாப். எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கும் செல்களை அழிக்கிற மருந்து அது. அம்மாவின் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போனது. ஐ.சி.யூ. வாசலில் பாய் விரித்துக் கிடந்த அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். இளம்பெண்களுக்கு இந்த நோய் வந்தால் சினைப்பையில் டெரடோமா என்ற கட்டி இருக்கிறதா என்று தேடுவார்கள். எல்லோருக்கும் இருக்காது. அவளுக்கு வலது சினைப்பையில் இருந்தது. அந்தக் கட்டிக்குள் முடி, பல், நரம்புத் திசு எல்லாம் வளரும். அந்த நரம்புத் திசுவைத் தாக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்திதான் மூளையிலும் போய்க் கைவைக்கிறது. கட்டியை எடுத்தால் குணமாவதற்கு வாய்ப்புக் கூடும். கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த இடத்தில் ஆபரேஷனா என்று அத்தை குதித்தாள். பிள்ளை பெற ஒரு சினைப்பை போதும் என்று மகப்பேறு மருத்துவர் சொல்லியும் அடங்கவில்லை. எடுத்த கட்டியை எங்களுக்குக் காட்டினார்கள். உள்ளே நிஜமாகவே ஒரு கொத்து முடி. அத்தை அலறிவிட்டாள். "பார்த்தியா, செய்வினைன்னு அப்பவே சொன்னேனே, வயித்துக்குள்ள மயிரு வச்சிருக்காங்க!"

பத்தாம் வகுப்பு படித்த என் அம்மா அன்று பேசியதைப் போல வேறு யாரும் பேசிக் கேட்டதில்லை. "அண்ணி, டாக்டரு இதைத் தேடித்தான் எடுத்திருக்காரு. வெள்ளைக்காரப் பொண்ணுகளுக்கும் இதே இடத்துல இதே முடிதான் இருக்குதாம். அமெரிக்காவுல போயி யாரு செய்வினை வச்சா?" அத்தை அதற்குப் பிறகு மருத்துவமனையில் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி காவலுக்கு மட்டும் தவறாமல் வந்தாள், அதையும் சொல்ல வேண்டும்.

கண் திறந்ததும் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நோய் வந்த வழியிலேயே பின்னோக்கித் திரும்பிப் போகும். முதலில் மூச்சு சரியானது. பிறகு விறைப்பு தளர்ந்தது. அதன்பின் பழையபடி சந்தேகம், கோபம், கத்தல். மறுபடியும் பைத்தியமாகிவிட்டாளே என்று அப்பா உடைந்துபோனார். இது குணமாகிற பாதைதான் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் நான் தாங்கினேன். குழந்தைபோல் பேசினாள், எவ்வளவு சாப்பிட்டாலும் பசி என்றாள், மனதில் பட்டதை யார் முன்னாலும் சொன்னாள். கணிதப் பட்டதாரிக்கு இரண்டு இலக்கக் கூட்டல் வரவில்லை. 577 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றை மருத்துவர் சொன்னார். இரண்டு வருட முடிவில் பத்தில் எட்டுப் பேர் நன்றாக இருந்தார்கள், 18 மாதம் வரைக்கும்கூட முன்னேற்றம் தொடர்ந்தது. அதனால் ஆறு மாதத்தில் நம்பிக்கையை விடாதீர்கள் என்றார். அவர் சொன்னபடியே ஆனது. அக்கம்பக்கத்து நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து வாய்ப்பாட்டில் தொடங்கினாள். விட்ட பி.எட்.டை முடித்து இப்போது ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். சாயங்காலம் ஆனால் களைப்பு அதிகம், பெயர்கள் சட்டென்று வராது. மற்றபடி அவள் அவளாகவே இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரு வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. "நல்லவேளை, பைத்தியம் இல்லையாமே!" அப்படியானால், நிஜமாகவே மனச்சிதைவு வந்த பெண்ணாக இருந்திருந்தால்? அவளுக்குத் தாயத்தும் சங்கிலியும் போதுமா? அவளுக்கும் மூளையில்தான் நோய், அவளுக்கும் வைத்தியம் உண்டு. அரசு மருத்துவமனையில் எங்கள் பக்கத்துக் கட்டிலில் அப்படி ஒரு பெண் இருந்தாள், அவளைப் பார்க்க யாருமே வரவில்லை.

நோய் திரும்ப வரலாம், இரண்டு வருடத்துக்குள் நூற்றில் பன்னிரண்டு பேர் வரை வந்திருக்கிறது என்பதால் கோப்பு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. முதுகு நீர் சோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த மருந்துக்கு உடம்பு விறைத்தது என்ற குறிப்பு, மூன்றும் மேலேயே. இதுவரை பிரச்சினையே இல்லாத இளவயதினர் ஒருவருக்குச் சில வாரங்களுக்குள் புத்தி மாறி, அதோடு காய்ச்சலோ வலிப்போ வாய் அசைவோ விறைப்போ இருந்தால், நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டுமா, முதுகு நீர் பார்க்க வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். போனில் வீடியோ எடுத்துவையுங்கள்.

அந்த வீடியோவைப் பற்றி எழுதச் சொன்னது தங்கைதான். நோயில் கிடந்த மாதங்கள் அவள் நினைவில் கொஞ்சமும் இல்லை. குணமான பிறகு, அவள் கத்தியதையும் ஆடியதையும் சொந்தங்கள் விசேஷ வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மருத்துவருக்காக நான் எடுத்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றியதும் அவளுக்குத் தெரியவந்தது. ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுவதையும் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவரையும் போனில் அழைத்து, "அதை அழிச்சிடுங்க, எனக்கு வலிக்குது" என்று அவளே சொன்னாள். ஒரே ஒரு பிரதிக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறாள். நரம்பியல் மருத்துவர் தன் மாணவர்களுக்கு வகுப்பில் காட்டுவது அது. முகத்தை மறைக்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு, வாய் அசைவது தெரிய வேண்டுமே சார், அப்படியே காட்டுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.