பாதி உடைத்த வீட்டில் போட்ட கணக்கு

எனக்கு வேலை போன நாளில் எங்கள் குளியலறையில் தரையே இல்லை. சுவர்களில் டைல்கள் பாதிக்கும் மேல் பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன. உடைப்பு வேலை தொடங்கி நான்கு நாட்களே ஆகியிருந்தன. வழக்கத்தைவிட முன்னதாகவே வீடு திரும்பிய என்னைப் பார்த்த மேஸ்திரி, வேலையைக் கவனிப்பதற்காக விடுப்பு எடுத்திருக்கிறேன் என்று எண்ணி, உடைத்த இடத்தைக் காட்ட உற்சாகமாக அழைத்துச் சென்றார். பழைய சாந்துக்கு அடியில் தெரிந்த இரும்புக் கம்பி ஒன்றை உளியின் முனையால் தட்டினார். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. பையில் ஆள்குறைப்புக் கடிதம் இருக்க, நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

நாங்கள் திட்டமிட்டிருந்தவை மூன்று வேலைகள்: குளியலறையை முழுவதும் புதுப்பிப்பது, சமையலறை அலமாரிகளையும் மேடையையும் மாற்றுவது, கூடத்துத் தரையை மாற்றுவது. சமையலறைக்காகத் தச்சருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வீட்டுச் சீரமைப்புக் கடனில் முதல் தவணையை மட்டும் எடுத்திருந்தோம். அன்றிரவு எனக்குத் தோன்றியது இரண்டே வழிகள்தாம்: எல்லாவற்றையும் நிறுத்துவது, அல்லது தொடங்கியதை எப்படியாவது முடித்துவிடுவது. முதல் வழி விவேகமாகத் தெரிந்தது; இரண்டாவது துணிச்சலாகத் தெரிந்தது. இரண்டுமே பதற்றத்தில் எழுந்தவை என்பதை உணர எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன.

கேள்வியை மாற்றிக் கேட்டவர் என் மனைவி. "எதைச் செய்தால் செலவு என்று மட்டும் பார்க்கிறீர்கள். எதை நிறுத்தினால் செலவு என்றும் பாருங்கள்" என்றார். அதன் பிறகுதான் மூன்று வேலைகளும் ஒரே மூட்டையாக இல்லாமல் தனித்தனியே கண்ணுக்குத் தெரிந்தன.

குளியலறையில் கம்பி ஏற்கெனவே துருப்பிடித்திருந்தது. துரு, தான் உருவாகும் இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த வீக்கம் சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பிளவின் வழியாக மேலும் ஈரம் இறங்கும். ஈரம் இறங்கினால் மேலும் துரு. கீழறையின் கூரையில் ஓராண்டாக நாங்கள் பார்த்துப் பழகிப்போயிருந்த பழுப்புக் கறை, உண்மையில் இந்தச் சங்கிலியின் வெளிமுனை. சில மாதங்கள் கழித்துச் செய்தால் இதே வேலை இதே செலவில் முடியாது; டைல் மாற்றும் வேலையாக இருப்பது தளத்தைப் பழுதுபார்க்கும் வேலையாகிவிடும். போதாக்குறைக்கு, நீர்த்தடுப்புப் பூச்சையும் நாங்களே உடைத்து எடுத்திருந்தோம். ஆகவே இதை நிறுத்துவது சிக்கனமே அல்ல.

சமையலறை அப்படியல்ல. அலமாரிக் கதவு ஒன்றின் கீல் கழன்று தொங்குகிறது. மேடையின் ஒரு மூலை உடைந்திருக்கிறது. பார்க்கச் சகிக்காது என்பது உண்மைதான். ஆனால் அது அடுத்த ஆண்டும் இதே அளவுக்குத்தான் அசிங்கமாக இருக்கும். கூடத்துத் தரையைப் பற்றி விவாதிக்கவே இல்லை. யாரோ ஒருவர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து ஆசைப்பட்டது அது.

முன்பணம்தான் என்னை நீண்ட நேரம் பிடித்து வைத்திருந்தது. கொடுத்த பணம் வீணாகிவிடுமே என்ற ஒரே காரணத்துக்காக, அதைப் போல நான்கு பங்கு மீதித் தொகையைக் கொடுக்க நான் தயாராக இருந்தேன் என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. தச்சரிடம் பேசாமலேயே பணம் போய்விட்டதாக முடிவு செய்திருந்தேன். பேசியபோது அவர் முதலில் உறுதிசெய்துகொள்ள நினைத்தது பலகை வெட்டத் தொடங்கியாகிவிட்டதா என்பதை. பணிமனைக்கு அழைத்துக் கேட்டார். எங்கள் அளவுக்கு வெட்டிய பலகை வேறு வீட்டுக்குப் பொருந்தாது. வெட்டாத பலகை யாருக்கு வேண்டுமானாலும் போகும். வெட்டவில்லை. பாதியைத் திருப்பித் தந்தார்; மீதியை, பின்னர் செய்யும்போது கழித்துக்கொள்வதாகத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஒரு வாரம் தாமதித்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. வேலை போனதை வெளியே சொல்லக் கூசித் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் பணமாகக் கரைகிறது.

பிறகு, மாதங்களில் ஒரு கணக்கு. கையிருப்பையும் அலுவலகத்திலிருந்து வரவேண்டிய இறுதித் தொகையையும் கூட்டி, தவிர்க்கவே முடியாத மாதச் செலவால் வகுத்தால் ஏழு மாதங்கள் வந்தன. மூன்று வேலைகளையும் முடித்தால் அது இரண்டரையாகச் சுருங்கியது. குளியலறையை மட்டும் முடித்தால் ஆறு. அதிலும் ஒரு பிழை இருந்தது: அலுவலகம் செலுத்திவந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்து போய்விடும் என்பதை மறந்திருந்தேன். அதற்கான தொகையையும், உடைத்த பிறகுதான் தெரியவரும் கோளாறுகளுக்காகக் குளியலறை மதிப்பீட்டில் 15 சதவீதத்தையும் சேர்த்ததும் ஆறு மாதம் ஐந்தானது. தொகையாகப் பார்த்தபோது எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. மாதங்களாகப் பார்த்தபோது இருவரும் ஒரே முடிவுக்கு வந்தோம்.

கடனின் மீதித் தவணைகளையும் எடுத்துவிடலாமே என்ற யோசனையும் வராமல் இல்லை. ஆனால் அந்தக் கடன் என் சம்பளத்தை நம்பி ஒப்புதலானது. வேலையில் மாற்றம் நேர்ந்தால் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருந்தது. மறைத்து எடுப்பது நேர்மையும் அல்ல; அதற்கு வட்டி கட்டப்போவதும் அந்த ஐந்து மாதங்களிலிருந்துதான். வங்கிக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, எடுத்த தவணையோடு நிறுத்திக்கொண்டோம்.

மேஸ்திரியிடம் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அவரோடு வரும் இருவருக்கு அடுத்த இரண்டு மாதக் கூலி எங்கள் வீட்டை நம்பியிருந்தது. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சார், சமையலறை இப்போது வேண்டாம், சரி. ஆனால் அங்கே போகும் குழாய் இந்தச் சுவர் வழியாகத்தான் போக வேண்டும். சுவர் திறந்திருக்கும்போதே குழாயைப் போட்டு, முனையை அடைத்து வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அப்போது புது டைலை உடைக்க வேண்டியிருக்கும்" என்றார். நிறுத்துவதிலும் ஒரு தொழில்நுட்பம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சாந்து பூசுவதற்கு முன், அளவுநாடாவைச் சுவரோடு வைத்து, குழாய் எங்கே செல்கிறது என்பதைப் படம் எடுத்துக்கொண்டோம். மிஞ்சிய சிமென்ட் மூட்டைகளை அவரே கணக்கில் கழித்துக்கொண்டு எடுத்துச் சென்றார். சிமென்ட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மாதக்கணக்கில் வலுவிழந்துகொண்டே போகும் என்பதால், பின்னால் உதவும் என்று அடுக்கி வைப்பதில் பயனில்லை. குளியலறை டைல்களில் மட்டும் ஒரு பெட்டியைக் கூடுதலாக வாங்கி வைத்தோம். பின்னால் ஒன்று உடைந்தால், அதே பெயரில் வாங்கினாலும் வேறு தொகுதியில் வரும் டைலின் நிறம் சற்று மாறியிருக்கும்.

கூலியை மிச்சப்படுத்த நானே டைல் ஒட்டுகிறேன் என்று கிளம்பி மூன்று டைல்களை உடைத்ததையும் சொல்லிவிட வேண்டும். பழைய சாயத்தைச் சுரண்டுவதும் வெள்ளையடிப்பதும் மட்டும் என் பொறுப்பு என்று அத்தோடு தீர்மானமாகியது. மின்கம்பியையும் நீர்த்தடுப்பையும் தொடும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை.

நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்த பிறகு, வடிகால் துளையை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டோம். அந்த இரண்டு நாட்களில் டார்ச்சுடன் எத்தனை முறை கீழறைக்குப் போய்க் கூரையைப் பார்த்தேன் என்று எண்ணவில்லை. இரண்டாம் நாள் மாலையில் கறையின் ஓரத்தில் கைவைத்துப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. அதன் பிறகே டைல் ஒட்டச் சொன்னோம்.

சமையலறை அலமாரிக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம். புதிய வேலை கிடைத்த அன்றே தச்சரை அழைத்துவிடலாம் என்றேன் நான்; தகுதிகாண் காலம் முடிந்து, கையிருப்பு மறுபடியும் ஆறு மாதத்தைத் தொட்ட பிறகுதான் என்றார் மனைவி. அவர் சொன்னபடியே என்று முடிவாகியிருக்கிறது. தச்சர் எழுதிக் கொடுத்த தாள் அந்தக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.