ஃப்ளஹூலி: யீமா சுமாக்கின் மேல்ஸ்தாயி கடைசியில் தெளிந்தது

பாடகி யீமா சுமாக்கின் மேல்ஸ்தாயி, பழைய இசைத்தட்டிலிருந்து எடுக்கும்போது ஒலியில் கிழிசல் இல்லாமல் பதிவாகிவிட்டது. நெடுநாளாகப் பிடிகொடுக்காமல் இருந்த இடம் அது. அதனால்தான் வேலை முழுதாக முடிவதற்கு முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன். தட்டு, 1951இல் கேப்பிடல் நிறுவனம் வெளியிட்ட 'ஃப்ளஹூலி' இசை நாடகப் பாடல்களின் மோனோ (ஒற்றைச் சானல்) எல்பி. இதே பதிவு பின்னாளில் சிடியாகவும் வந்தது. ஆனாலும் அந்தத் தட்டின் பள்ளத்தில் என்ன இருக்கிறதோ அதை நானே எடுத்துக் கேட்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

நாடகத்தை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் மிகவும் குறைவு. 1951 மே 14 அன்று நியூயார்க் பிராட்வேயின் பிராட்ஹர்ஸ்ட் அரங்கில் தொடங்கி, 40 காட்சிகளோடு நின்றுபோனது. அந்தப் பருவத்தில் 'கைஸ் அண்ட் டால்ஸ்', 'தி கிங் அண்ட் ஐ' என்ற இரண்டு வெற்றி நாடகங்களும் ஓடிக்கொண்டிருந்தன என்பது உண்மை. ஆனால் போட்டிதான் இதைக் கவிழ்த்தது என்று நான் நம்பவில்லை. கதை அப்படிப்பட்டது. பெரிய பொம்மை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் சில்வெஸ்டர், சிரிக்கும் பொம்மை ஒன்றை உருவாக்குகிறான். அரேபியாவிலிருந்து ஒரு தூதுக்குழு அலாவுதீனின் விளக்கைப் பழுது பார்க்கச் சொல்லி அங்கே வந்து சேருகிறது. விளக்கிலிருந்து வெளிப்பட்ட பூதம் பொம்மைகளைக் கணக்கில்லாமல் செய்து குவிக்கிறது. சந்தை சரிகிறது, ஊர் கொதிக்கிறது, பொம்மைகளைக் கொளுத்துகிறார்கள், பூதத்தைத் தேடி வேட்டை கிளம்புகிறது. கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் மெக்கார்த்தியின் பெயர் நாட்டையே நடுங்க வைத்த காலத்தில் இதை மேடையேற்றினார்கள்! பாடல்களை எழுதிய ஈ. ஒய். ஹார்பர்க், ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சிக்கியவர். கதையில் சரக்கு அதிகம், முடிச்சுகளும் அதிகம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் துணிச்சலுக்காகவே இந்த நாடகம் பேசப்பட்டிருக்க வேண்டும்.

பாடல்களைப் பொறுத்தவரை எனக்குச் சிறு குறையும் இல்லை. சாமி ஃபெய்னின் மெட்டுகள் அவ்வளவு சரளம். பாடகியும் நடிகையுமான பார்பரா குக் முதன்முதலாக பிராட்வே மேடை ஏறியது இதில்தான். 'தி மியூசிக் மேன்' அவரை உச்சிக்குக் கொண்டுபோக இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. 'ஹியர்ஸ் டு யுவர் இல்யூஷன்ஸ்' பாடலில் ஜெரோம் கோர்ட்லண்டோடு அவர் சேரும் இடத்தைக் கேளுங்கள். குரலில் ஒரு துளி முயற்சிகூடத் தெரியாது. கயிற்றுப் பொம்மைகளை ஆட்டியவர் பில் பேர்ட். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் ஆடு மேய்ப்பவன் பொம்மலாட்டம் வருமே, அதே பேர்ட்தான்.

இவர்களுக்கு நடுவே அரேபிய இளவரசியாக வருபவர் பெரு நாட்டுப் பாடகி யீமா சுமாக். அவருடைய பாடல்களுக்கு மட்டும் இசை ஃபெய்ன் அல்ல, மொய்சஸ் விவான்கோ. அடிவயிற்றிலிருந்து எழும் உறுமலில் தொடங்கி, பறவை கூவுவதுபோல மேலே போய் நிற்கும் குரல். அந்த உச்சியில்தான் என் தட்டின் ஒலி சரசரவென்று கிழிந்தது.

அந்தக் காலத்து மோனோ எல்பிக்கு 1 மில் ஊசிதான் (முனையின் ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று தட்டு சேகரிக்கும் நம்மில் பலர் சத்தியம் செய்வார்கள். நல்ல நிலையில் உள்ள தட்டுக்கு நானும் அதையே போடுவேன். ஆனால் என் பிரதியின் பழைய சொந்தக்காரர் கனமான பிக்கப்பில் (ஊசியைத் தாங்கும் தலைப்பகுதியில்) அதே 1 மில் ஊசியால் ஓட்டித் தேய்த்திருக்கிறார். அந்த ஊசி உட்காரும் உயரத்தில் பள்ளத்தின் சுவர் போய்விட்டது. 0.7 மில் கூம்பு ஊசி அதைவிடக் கீழே இறங்கி, தேயாத சுவரைத் தொடுகிறது. பின்னணி இரைச்சல் சற்றுக் கூடியது. உச்ச சுரத்தின் கிழிசல் பெரும்பாலும் போய்விட்டது. ஆகவே சுமாக்கின் பாடல்களுக்கு மட்டும் 0.7, மற்றவற்றுக்கு 1 மில் என்று முடிவு செய்தேன்.

அடுத்து இரண்டு சானல்களையும் சமன் செய்வது. இந்தப் படியை அவசரமாகத் தாண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. பள்ளத்தின் இரு சுவர்களையும் இரண்டு சானல்களாகத் தனித்தனியே படிக்கும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் எடுத்து, ஒரு சானலைத் தலைகீழாக்கி, இரண்டையும் கூட்டி, ஒன்றின் அளவைக் கால் டெசிபலுக்கும் குறைவாக நகர்த்திக்கொண்டே வர வேண்டும். ஒரு புள்ளியில் பாட்டு மறைந்துவிடும். மிஞ்சுவது மோட்டாரின் உறுமலும் சொரசொரப்பும் மட்டுமே. சுமாக் உச்சிக்குப் போகும்போது அந்த மிச்சத்தில் மெல்லிய சீறல் ஒன்று எழுகிறது. வளைவு செங்குத்தாகும் இடத்தில் பள்ளம் குறுகுவதால், ஒவ்வோர் அலைக்கும் ஊசி இருமுறை மேலே தள்ளப்படுகிறது. அந்தச் சத்தம்தான் அது. தலைகீழாக்கியதைத் திருப்பிவிட்டுக் கூட்டினால் இதெல்லாம் அடிபட்டு, குரல் மட்டும் நிற்கிறது. மிகவும் தேய்ந்த ஓரிரு இடங்களில் வலது சானலை, அதாவது வெளிச்சுவரை, மட்டும் எடுத்துக்கொண்டேன். உள்சுவர்தான் அதிகம் அடி வாங்கியிருந்தது.

மூன்றாவது, வளைகோடு: தட்டை வெட்டும்போது அடிசுரத்தைக் குறைத்து மேல்சுரத்தைக் கூட்டியிருப்பார்கள்; கேட்கும்போது அதை நேர்மாறாகத் திருத்தும் கணக்கு இது. இன்று பொதுவாக இருக்கும் ஆர்ஐஏஏ வளைகோட்டுத் தரம் வந்ததே 1954இல். அதற்கு முந்தைய கேப்பிடல் தட்டை ஏஇஎஸ் என்ற பழைய வளைகோட்டில் கேட்க வேண்டும். ஆர்ஐஏஏவுக்கு அமைந்த இன்றைய ப்ரீஆம்ப்பில் (முன்பெருக்கியில்) அப்படியே ஓட்டினால் 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் டெசிபல் தடித்தும், 10 கிலோஹெர்ட்ஸில் 1.7 டெசிபல் மங்கியும் ஒலிக்கும். எண்ணாகப் பார்த்தால் அற்பம். திருத்திய பிறகு குக்கின் மெய்யெழுத்துகள் பளிச்சென்று விழுகின்றன; முன்பு போர்வைக்குள்ளிருந்து பாடியதுபோல இருந்தது. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரண்டு வளைகோடுகளும் இன்னும் விலகுகின்றன. அங்கே கணக்குப்படி ஏற்றினால் உறுமல்தான் ஏறும் என்பதால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டேன்.

ஊசி வாங்குவது பற்றி ஒன்று. பெட்டியில் 'மோனோ' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஊசி முனையின் ஆரம் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பியதை உருப்பெருக்கியில் பார்த்தால் வழக்கமான ஸ்டீரியோ முனை. திருப்பி எடுத்துக்கொள்ளவே ஏகப்பட்ட வாக்குவாதம். தட்டு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தட்டை அட்டை உறைக்கு வெளியே வைத்துக் கட்டுங்கள். உள்ளே வைத்து அனுப்பினால், வழியில் குலுங்கி அட்டையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்து சேருகிறது.

இரண்டாம் பக்கத்தில் 'டிக்' சத்தங்களை எடுக்கும் வேலை பாக்கி இருக்கிறது. தானியங்கிக் கருவியிடம் விட மனம் வரவில்லை; பொம்மைகள் பாடும் 'யூ டூ கேன் பி எ பப்பட்' பாட்டில் தாளவாத்தியத்தின் விளிம்பையும் சேர்த்துச் சீவிவிடுகிறது. கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் ஹார்பர்க்கின் 1947 வெற்றி நாடகமான 'ஃபினியன்ஸ் ரெயின்போ'வின் பழைய கொலம்பியா எல்பி கைக்கு வந்துவிட்டது. அதற்குக் கொலம்பியாவின் தனி வளைகோடு: 10 கிலோஹெர்ட்ஸில் 16 டெசிபல் இறக்கம், அடியில் 100 ஹெர்ட்ஸிலிருந்தே ஏற்றம் நின்று கோடு சமமாகிவிடும். அதை வரைந்து வைத்துவிட்டேன். முதல் பக்கத்தை இன்றிரவே ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.