கஞ்சி குடித்தால் வலி இல்லை

“மேல ஸ்கோப் பாத்தாச்சு, கீழ ஸ்கோப்பும் பாத்தாச்சு. ரெண்டும் நார்மல். மாத்திரையைச் சாப்பிட்டுட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க.”

டாக்டர் சொன்ன இதில் பொய் ஒன்றும் இல்லை. சிக்கலே அதுதான். வாய்வழி ஸ்கோப், அதாவது கேமராக் குழாய், சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தின் இரண்டாம் பகுதியோடு நின்றுவிடும். கீழிருந்து போவது, கைதேர்ந்தவர் செய்தால், சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரை எட்டிப் பார்க்கும். நடுவில் பல மீட்டர் குடலை யாரும் பார்க்கவில்லை. “நார்மல்” என்ற சொல் அதையும் சேர்த்து மூடிவிடுகிறது.

54 வயது ஆண். ஹீமோகுளோபின் 7.8, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. மூலம் இல்லை, வலி மாத்திரைப் பழக்கம் இல்லை, பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று. இந்த வயது ஆணுக்கு இரும்புச்சத்து இவ்வளவு குறைந்தால், வேறு காரணம் தெரியும்வரை, குடலில் எங்கோ ரத்தம் கசிகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இரண்டு ஸ்கோப்பும். அதுவரை எல்லாம் சரி.

சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தபோது அவர் மனைவி சொன்னதுதான் விட்டுப்போகாமல் இருக்கிறது. “சாப்ட்டு முக்கா மணி நேரத்துல தொப்புளைச் சுத்திப் புடிக்குது சார். கடமுடான்னு சத்தம், பக்கத்துல படுத்திருக்கிற எனக்கே கேக்கும். இப்பக் கஞ்சியாக் குடுக்கறேன், வலி இல்ல.”

“அப்ப கஞ்சியே குடுங்கம்மா.”

குறுகிய குடலில் கஞ்சி வழுக்கிப் போய்விடும். கீரைத் தண்டும் முருங்கைச் சக்கையும் போகாது. தடையைத் தாண்டித் தள்ளக் குடல் முறுக்கும்போதுதான் அந்த அலையலையான வலி, அந்தச் சத்தம். சத்தம் அடங்கினாலோ வாந்தி எடுத்தாலோ வலி விட்டுவிடும். வலி போனது நோய் குறைந்ததால் அல்ல, சாப்பாடு குடலுக்கேற்ப இளகியதால். ஓ.பி. சீட்டில் ஏறியதோ “உப்பசம், தேவலை” என்று மட்டும்.

மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 10.6. அறையில் எல்லோருக்கும் திருப்தி. ஓட்டைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டாலும் மட்டம் ஏறத்தான் செய்யும். மலம் கறுப்பாகப் போனதற்கு இரும்பு மாத்திரையைச் சொன்னார்கள், அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் மாத்திரையால் வருவது கரும்பச்சையாக, உருண்டு இருக்கும். ரத்தத்தால் வருவது தார் போலப் பிசுபிசுக்கும், நாற்றம் வேறு. அதைக் கேட்கவில்லை. எடை 61 கிலோவிலிருந்து 55. கஞ்சிதானே குடிக்கிறார் என்று அதற்கும் பதில் இருந்தது.

நியாயம் இல்லாமலும் இல்லை. குடல், இரைப்பைப் புற்றுநோய்களில் சிறுகுடலின் பங்கு மிகச் சொற்பம். நம் ஊரில் சிறுகுடல் சுருக்கம் என்றால் காசநோய்தான் முதலில் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். ரத்தசோகை என்று வருகிற அத்தனை பேரையும் சுமார் ஒன்றரை லிட்டர் மேனிடால் கரைசலை ஒரு மணி நேரத்தில் குடிக்கவைத்து சி.டி. என்டரோகிராபி என்ற சிறுகுடல் ஸ்கேன் எடுக்க முடியுமா? காலியாகச் சுருங்கிக் கிடக்கும் குடலில் சாதாரண சி.டி. சின்னக் கட்டியைத் தவறவிடும். அதனால்தான் அந்தக் கரைசல். கேமரா வைத்த கேப்சூலை விழுங்கவைக்கலாம்தான். ஆனால் சுருக்கம் இருந்தால் அது அங்கேயே சிக்கிக்கொள்ளலாம். அந்த அம்மா சொன்ன சத்தம் ஒன்றே போதும், கேப்சூலுக்கு முன் சி.டி. என்று வரிசையை மாற்ற.

ஐந்தாம் மாதம் கஞ்சியும் வாந்தியாக வந்தது. சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜுனத்தில் 3 சென்டிமீட்டர் சுருக்கம், அடினோகார்சினோமா என்னும் புற்றுநோய், இரண்டு நிணநீர் முடிச்சுகளில் பரவல். முதல் நாளே சி.டி. எடுத்திருந்தால் முடிச்சுகள் சுத்தமாக இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். அன்றே பரவியும் இருக்கலாம். இந்த இரண்டாவதைச் சொல்லித் தேற்றிக்கொள்வது சுலபமாக இருப்பதாலேயே அதை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

இப்போது அந்த அறையில் “எதையெல்லாம் சாப்பிடுறதை விட்டீங்க?” என்று ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் கேட்டுப் பாருங்கள்: வரிசையில் நிற்பவர்களில் பலர் அல்சருக்கோ சர்க்கரைக்கோ பயந்து ஏதோ ஒன்றை விட்டவர்களாகத்தான் இருக்கிறார்கள்.