ஏ.என்.ஏ. 1:640. அதனால் என்ன?

மருத்துவ இறுதியாண்டுப் பரீட்சையில் ஒரு நோயாளியை முழுதாக விசாரித்துப் பரிசோதிக்கும் லோங் கேஸில் எனக்குக் கிடைத்தது லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ள ஓர் அக்கா. கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரர், தமிழ் பேசுபவர். சிங்களத்தோடு மல்லுக்கட்டாமல் ஹிஸ்டரி (நோய் வரலாறு) எடுக்கலாம் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கன்னத்துச் சிவப்பு, மூட்டு நோ, முடி கொட்டுதல் எல்லாம் எழுதிக்கொண்டேன். "இப்ப செருப்பு வார் இறுக்குது தங்கச்சி" என்றார். அதையும் எழுதினேன். எழுதியதோடு சரி.

"ஏ.என்.ஏ. 1:640, ஆகவே நோய் கடுமை" என்றேன். ஏ.என்.ஏ. என்பது சொந்த உயிரணுக் கருவையே தாக்கும் பிறபொருளெதிரி, அதாவது அன்டிபொடி. 1:640 என்றால் இரத்த மாதிரியை அத்தனை மடங்கு ஐதாக்கியும் அது தெரிந்தது.

"அதனால் என்ன? காலைப் பார்த்தீரா?" என்றார் பரீட்சித்த சேர். கட்டிலடிக்குக் கூட்டிப்போய் அக்காவின் கணுக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கி, சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது; அதுதான் கால் வீக்கம். அந்த முறை பெயில், ரிப்பீட்தான்.

வெள்ளவத்தை போர்டிங் அறைச் சுவரில், பிறபொருளெதிரிக்கு நேரே நோயை எழுதிய அட்டவணை ஒன்றை ஒட்டியிருந்தேன். எல்லோரிடமும் இருக்கும். அதில் இன்னொரு நிரல் கீறினேன்: இந்த அளவு நோயோடு ஏறி இறங்குமா?

ஏ.என்.ஏ. நோயோடு ஏறி இறங்காது. 2019 லூபஸ் வகைப்படுத்தலில் 1:80 ஒருமுறை வந்தாலே வாசல் திறக்கும், மற்றக் குறிகளுக்குப் புள்ளி எண்ணத் தொடங்கலாம்; ஆனால் அது சுகதேகிகளிலும் வரும். திரும்பத் திரும்பச் செய்வது காசுக்குக் கேடு. அன்டி ஸ்மித் என்ற பிறபொருளெதிரி லூபஸுக்கே உரியது, ஆனால் நோயின் போக்கைச் சொல்லாது. இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான அன்டி டி.எஸ்.டி.என்.ஏ.தான் பலரில் நோயோடு அசையும். அது ஏற, சி3, சி4 என்ற இரத்தப் புரதங்கள் இரண்டும் இறங்கினால் சிறுநீரகத்தை நினையுங்கள், உடனே சிறுநீர் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: அளவு உச்சத்தில் இருந்தும் நன்றாக நடமாடுகிறவர்கள் உண்டு. எண்ணுக்கு மட்டும் ஸ்டீரொய்டைக் கூட்டுவேன் என்று வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) சொல்லிவிடாதீர்கள்.

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தில் (ருமட்டொயிட் ஆத்திரைட்டிஸ்) வரும் அன்டி சி.சி.பி. என்ற பிறபொருளெதிரி வேறு மாதிரி. சாதாரண மேல் எல்லையின் 3 மடங்கைத் தாண்டினால் 2010 வகைப்படுத்தலில் 3 புள்ளி. முடக்குவாதம் என்று வகைப்படுத்தத் தேவை 10க்கு 6. எலும்பு அரிப்பு வரக்கூடும் என்று அது எச்சரிக்கும், ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க உதவாது. அதற்கு வீங்கிய, நோகும் மூட்டுகளை எண்ணுங்கள், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். அப்புறம் அன்டி ரோ என்ற பிறபொருளெதிரி: அது இருந்தால், தாய்க்கு ஒரு குறியும் இல்லாமலே வயிற்றிலுள்ள குழந்தைக்கு இதயத் துடிப்புத் தடை வரலாம். இளம் பெண் நோயாளி என்றால் கட்டாயம் கேட்பார்கள்.

ரிப்பீட்டில் கிடைத்தது முடக்குவாதக்கார அம்மா. முதலில் கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பைப் பார்த்தேன். வாரை வெட்டி, ஊசி குத்தி அகலமாக்கி வைத்திருந்தார்.