மூன்று வயரில் வந்த மாமாவின் பாடங்கள்

மார்த்தாண்டத்தில் மாமா கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய காலத்து பிசி எக்ஸ்டி என்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்று மச்சில் கிடந்தது. இறக்கித் துடைத்துப் போட்டதும் ஆன் ஆகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கும் சுற்றுகிறது, பிளாப்பி டிரைவ்தான் போச்சு. "மக்ளே, நான் எழுதுன பாடமெல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு, எப்பிடியாவது எடுத்துத் தா" என்றார் மாமா.

மிச்சமிருந்த ஒரே வாசல், பின்பக்கம் இருந்த 25 பின் சீரியல் போர்ட், அதாவது பிட் பிட்டாக வரிசையில் தகவல் அனுப்பும் சாக்கெட். நல்ல வேளை, டிஸ்கில் கெர்மிட் என்ற புரோகிராம் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-ல் உருவானது இது. டெர்மினல் எமுலேட்டராகவும் ஓடும், அதாவது தட்டுவதை போர்ட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து வருவதைத் திரையில் காட்டும்; கோப்பும் அனுப்பும்.

லேப்டாப் பக்கம் 9 பின் யுஎஸ்பி கன்வெர்ட்டர். நாகர்கோவிலில் கனெக்டர் வாங்கி நானே சால்டர் வைத்தேன். இரண்டு கம்ப்யூட்டரை நேராகச் சேர்த்தால் 2-ம் பின்னையும் 3-ம் பின்னையும் மாற்றிப் போடணும் என்றுதான் படித்திருந்தேன். அப்படியே போட்டேன். இரண்டு திரையிலும் ஒன்றும் வரவில்லை. போர்ட்டே செத்துவிட்டதோ என்று ராத்திரி தூக்கம் இல்லை.

காலையில் கேபிளைக் கழற்றி, எக்ஸ்டியின் 2, 3 பின்களை மெல்லிய செம்புக் கம்பியால் சேர்த்துக் கட்டினேன், அனுப்பியது அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்க. கெர்மிட்டில் கனெக்ட் கொடுத்து ஆங்கில 'ஏ'யைத் தட்டினேன். திரையில் 'ஏ' வந்தது. கம்பியை எடுத்தால் வரவில்லை. போர்ட் உயிரோடு இருக்கிறது!

அப்புறம்தான் விளங்கியது. 25 பின்னில் அனுப்புவது 2, வாங்குவது 3. 9 பின்னில் அதுவே தலைகீழ். எண்களே மாறியிருப்பதால் 2-க்கு 2, 3-க்கு 3 என்று நேராகப் போட்டாலே போதும். கிரவுண்ட் மட்டும் 7-லிருந்து 5-க்கு. நான் மாற்றி மாற்றிக் கெடுத்திருக்கிறேன்.

கையில் மூன்றே வயர் என்பதால் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை, அதாவது தனி வயர்கள் வழியே 'நிறுத்து, அனுப்பு' என்று சொல்லும் ஏற்பாட்டை, அணைத்தேன். வினாடிக்கு 19200 பிட் வேகத்தில் ஒரே பாக்கெட் (கோப்பின் ஒரு துண்டு) திரும்பத் திரும்பப் போனது. அந்த மெஷினில் சீரியல் போர்ட்டை நடத்தும் 8250 சிப்பில் வந்த எழுத்தை வைக்க ஒரு பைட் இடம்தான். பிராசஸர் எடுக்கத் தாமதித்தால் அடுத்தது அதை அழித்துவிடும். 9600-க்கு இறங்கியதும் சீராக ஓடியது. ஒரு எழுத்துக்கு 10 பிட், ஆக வினாடிக்கு அதிகபட்சம் 960 எழுத்து. பொறுமை வேண்டும், ஆனால் கெர்மிட் ஒவ்வொரு பாக்கெட்டையும் சரிபார்க்கிறது என்பதால் பயமில்லை.

மாமா பாடம் எழுதிய வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்துப் புரோகிராமின் கோப்புகளை லேப்டாப்பில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கோணல்மாணல். வேர்ட்ஸ்டார் அந்த எழுத்தின் எட்டாவது பிட்டை 0-விலிருந்து 1-ஆக ஏற்றி வைக்கும். அதை இறக்கினதும் முதல் பாடம் தெளிவாக வந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.