நான்காம் மாடியிலிருந்து கீழே

ரங்கூனில், மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் குடியிருக்கிறோம். இதயச் செயலிழப்பு, அதாவது உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாத நிலை என்று தெரிந்து, பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து திரும்பிய அப்பாவிடம், ஓய்வெடுங்கள் என்பதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. நாங்களும் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டோம். பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றின் கவ்வியில் செய்தித்தாளும் காய்கறியும் மேலே வந்துவிடும். தண்ணீர்ச் செம்பைக்கூட அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்றே மாதத்தில், குளியலறை வரை போய் வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

பிறகு பார்த்த இதய மருத்துவர்தான் விளக்கினார். மூச்சிரைப்புக்கு இதயத்தின் பலவீனம் மட்டுமே காரணமன்று. உட்கார்ந்தே இருப்பதால் கால் தசைகள் மெலிந்து, தமக்கு வரும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனையும் இழந்துவிடுவதால், சிறு வேலையும் பெரும் பாரமாகிறது. 2,331 நோயாளிகளை வைத்து நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு முறையான பயிற்சி பாதுகாப்பானதாகவே இருந்தது என்றார். ஆயுள் கூடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை, அன்றாட வாழ்க்கை இலகுவாகும் என்றே சொன்னார். அந்த நேர்மையால்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

ஆறு நிமிட நடைச் சோதனையில் அப்பா 210 மீட்டர் நடந்தார். அதை வைத்து, வீட்டுக் கூடத்திலேயே காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம் நடக்கச் சொன்னார்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும் என்பதே அளவு. அதனால் அனோரத்தா சாலைக் காளியம்மன் கோயில் திருவிழாக்களின் பழைய கதைகளை அப்பாவைச் சொல்லச் சொல்லி, நானும் கூடவே நடப்பேன். வாக்கியம் நடுவில் அறுந்தால் இருவரும் நின்றுவிடுவோம்.

உண்மையில் அப்பாவின் கால்களை விட அம்மாவின் பயத்தைத் தேற்றுவதுதான் கடினமாக இருந்தது. படியிறங்கப் போகிறார் என்று தெரிந்த அன்று, அம்மா அவருடைய செருப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். மறுமுறை அம்மாவையும் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் கருவாட்டுக் குழம்பும் ஙப்பி என்னும் உப்பு மீன் விழுதும் கூடிப்போய், அந்த உப்பால் உடலில் நீர் தேங்கி, மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறிக் கணுக்கால் வீங்கியது. தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வைத்ததால் உடனே தெரிந்தது. மருத்துவர் நீர் மாத்திரையின் அளவை மாற்றிப் பயிற்சியைப் பத்து நாள் நிறுத்தச் சொன்னார்; மீண்டும் தொடங்கியபோது, விட்ட இடத்திலிருந்து அல்லாமல் பாதியிலிருந்து தொடங்கினோம்.

ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு முக்காலி போட்டேன். முதல் வாரம் ஒரு மாடி மட்டும்தான் இறங்கினோம், இறங்கியதை ஏறியாக வேண்டுமே. ஏழு மாதத்துக்குப் பிறகு, இப்போது செய்தித்தாளை அப்பாவே கீழே போய் வாங்கி வருகிறார். இரண்டாம் மாடி முக்காலியில் மட்டும் இன்னும் ஒருமுறை உட்கார்ந்துதான் எழுந்திருக்கிறார்.